விலையில்லாக் கீச்சான்

இரண்டாம் உலையில் நீராவிக் குழாய் வெடித்த அன்று, "சிறு நிகழ்வு. பொதுமக்கள் அச்சப்படத் தேவையில்லை" என்று தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு போன ஒலிபெருக்கி என்னுடையது. தேரிவிளையில் கல்யாணம், கோயில் கொடை, இரங்கல் கூட்டம், உண்ணாவிரதம், உண்ணாவிரதத்தைக் கண்டித்துப் பொதுக்கூட்டம், எதுவானாலும் தாணுலிங்கம் சவுண்ட் சர்வீஸ்தான். அன்றைக்குச் சைரன் ஊதியபோதுகூட ஜனங்கள் அசையவில்லை. அச்சப்படத் தேவையில்லை என்று அரசாங்கமே சொன்னதும்தான் மூட்டை கட்டினார்கள்.

யாரும் சாகவில்லை. கொஞ்ச நாள் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடங்களில் படுத்துக் கிடந்துவிட்டுத் திரும்பி வந்தோம். உலையை மூடினார்கள். வாயைத் திறந்தார்கள். உலை பாதுகாப்பானதா இல்லையா என்று நாடு முழுவதும் ஒரே வாக்குவாதம். தொலைக்காட்சியில் ஒரு நிபுணர் தாய்மடி என்பார், இன்னொருவர் சுடுகாடு என்பார், நடுவில் பல்பொடி விளம்பரம் வரும்.

எங்கள் ஊரில் எதிர்ப்புக் குழுவின் தலைவர் என் அத்தான் பேச்சியப்பன். என் அக்கா பகவதியின் வீட்டுக்காரர். மீன் ஏற்றுகிறவர்களுக்கு ஐஸ் அடித்துக் கொடுக்கும் கம்பெனி வைத்திருந்தார். ஐஸ் கம்பெனிக்குக் கரண்டு எங்கேயிருந்து வருகிறது என்று யாராவது கேட்டால், காற்றாலையில் இருந்து என்பார். எந்தக் கரண்டு எந்தக் கம்பியில் வருகிறது என்று அவருக்கு மட்டும் தனியாகத் தெரியும் போல. ஆனால் பேச்சு என்றால் பேச்சு. மைக்கைப் பிடித்தால் எதிரில் இருப்பவன் கைதட்டிவிட்டுத்தான் யோசிப்பான்.

"அவனே அளக்கான், அவனே மார்க்குப் போடுதான், அவனே பாஸுங்கான்! எங்க கையில குடுலே கருவிய! நாங்க அளக்கோம்!" என்று அவர் ஒரு மாலைக் கூட்டத்தில் முழங்கியது எல்லாச் சேனலிலும் வந்தது.

தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. மிக்சி, கிரைண்டர், மின்விசிறி எல்லாம் கொடுத்துத் தீர்ந்து, அடுத்து என்ன கொடுப்பது என்று விழித்துக்கொண்டிருந்தவர்களுக்கு அத்தானின் முழக்கம் வரமாக வந்தது. குடும்ப அட்டைக்கு ஒன்று வீதம் விலையில்லாக் கதிர்வீச்சுமானி. கழுத்தில் மாட்டிக்கொள்கிற மாதிரி, சோப்புக்கட்டி அளவில், முதலமைச்சர் படத்துடன். கதிர்வீச்சு இருந்தால் கீச் என்று கத்தும். நிறைய இருந்தால் விடாமல் கத்தும். தேர்தலில் ஆட்சி மாறியதும் பழைய முகத்தின் மேல் புதிய முகத்தை ஒட்டித் தொடர்ந்து கொடுத்தார்கள். அரசாங்கம் வைத்த பெயர் நீளமானது. ஊர் வைத்த பெயர் கீச்சான்.

அத்தான் அதோடு விடவில்லை. உலைக்காரர்களின் கருவிகளை நம்ப முடியாது, எங்கள் கழுத்தில் தொங்குவதேதான் அவர்கள் சுவரிலும் தொங்க வேண்டும் என்று அடுத்த உண்ணாவிரதம். அதுவும் ஜெயித்தது. உலையின் பழைய கருவிகளை லாரியில் ஏற்றி அனுப்பினார்கள். அன்றைக்கு நாங்கள் வெடி போட்டோம்.

இனி வந்ததுதான் கூத்து. குறைந்த விலைக்குச் செய்தவர்கள் கருவியில் வேறு குறை வைக்கவில்லை, காதைத்தான் கொஞ்சம் கூர்மையாக வைத்துவிட்டார்கள். வாழைத்தாரைப் பார்த்துக் கீச்சியது. கருங்கல் அம்மியைப் பார்த்துக் கீச்சியது. ரத்தக்கொதிப்புக்காரர்கள் போட்டுக்கொள்கிற பொட்டாசிய உப்பைப் பார்த்தும் கீச்சியது. கீச்சுவது எதுவானாலும் ஊர் எல்லைக்கு வெளியே என்று அத்தான் தலைமையில் குழு தீர்மானம் போட்டது. எல்லைக் கல்லுக்கு அப்பால் அம்மியும் ஆட்டுரலும் மலையாகக் குவிந்தன. எல்லைக் கல்லே கீச்சியதால் அதையும் பெயர்த்து வெளியே போட்டார்கள். அதற்குப் பிறகு எல்லை எது என்று சண்டை வந்தது. எங்கள் கடற்கரை மணலில் பிறவியிலேயே தோரியம் உண்டு, அதனால் கடற்கரை முழுக்கக் கீச்சியது. அதைத் தூக்கி எங்கே போடுவது என்று தெரியாததால் அந்தத் தீர்மானத்தை ஒத்திவைத்தார்கள்.

இதையெல்லாம் விளக்க உலையிலிருந்து சாருமதி என்ற பாதுகாப்புப் பொறியாளர் வந்தார். திருச்சிப் பக்கத்துப் பெண். கைக்குழந்தையை யாரிடமோ விட்டுவிட்டு ஓடி வந்த அவசரம் முகத்தில் தெரிந்தது. கோயில் மைதானத்தில் என் மைக்கைப் பிடித்துப் பொறுமையாகத்தான் சொன்னார்.

"பூமி உண்டானதுலேருந்து கல்லுலயும் மண்ணுலயும் கொஞ்சம் கதிர்வீச்சு இருக்குங்க. வாழைப்பழத்துல இருக்கு. நம்ம உடம்புலயே துளி இருக்கு. இருக்கா இல்லையான்னு பார்க்கக்கூடாது. எவ்வளவு இருக்குன்னுதான் பார்க்கணும்."

அத்தான் எழுந்தார். "அப்ப எங்க வயித்துக்குள்ளயும் ஒரு உலை ஓடுதுங்கீயளா, எஞ்சினீயரம்மா?"

கைதட்டலில் சாருமதி சொன்ன பதில் எனக்கே கேட்கவில்லை. ஹெட்போன் போட்டிருந்தும் கேட்கவில்லை.

அத்தானின் தீர்மானத்துக்கு உண்மையான சோதனை கொடை அன்றுதான் வந்தது. உச்சினிமாகாளி அம்மன் கருங்கல் சிலை. கருவறையும் கருங்கல். கற்பூரம் காட்டிய நேரத்தில் ஊரே முன்னால் நெருக்கியடிக்க, அத்தனை கழுத்துகளிலும் கீச்சான் கத்தியது. அம்மனின் சக்தி என்று பாதி ஊர் கன்னத்தில் போட்டுக்கொண்டது. உலைக்காரன் ஆத்தாளையும் கெடுத்துவிட்டான் என்று மீதி ஊர் அழுதது. யாரோ மெதுவாகத் தீர்மானத்தை நினைவுபடுத்தினார்கள்.

"ஆத்தாளத் தூக்கி அம்மிக் குமியல்ல போடப் போறீயளா? எவன்லே அவன், முன்னால வா!" என்று பூசாரி அரிவாளை எடுத்துவிட்டார்.

அத்தான்தான் சமாளித்தார். மறுநாளே ஆட்களைக் கூட்டிக்கொண்டு கலெக்டரிடம் போனார். சாமிக்கு விலக்கு வேண்டும், வழிபாட்டு இடங்களில் கீச்சான் வாயைத் திறக்கக்கூடாது என்று மனு. உலையை மூடு என்ற மனுக்களையே வாங்கிச் சலித்திருந்த அரசாங்கத்துக்கு, தலையாட்டக்கூடிய ஒரு கோரிக்கை வந்ததே என்று சந்தோஷம். எந்தக் கீச்சான் எங்கே இருக்கிறது என்று சென்னைக் கணினிக்குத் தெரியும். அதைக்கொண்டு மாநிலம் முழுவதும் எல்லா மதத்துக் கோயில் வளாகங்களிலும் கீச்சானை ஒரே அப்டேட்டில் ஊமையாக்கினார்கள். எங்கள் பக்கம் கோயில் இல்லாத முடுக்கு ஏது? சத்தம் பாதிக்கு மேல் அடங்கிவிட்டது. புகார்கள் குறைந்ததைப் பார்த்து, கதிர்வீச்சே குறைந்துவிட்டதாக அரசாங்கம் அறிக்கை விட்டது. இரண்டாம் உலையை மறுபடி ஓட்டலாமா என்று கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கும் நாள் குறித்தார்கள். கூட்டம் உலை வளாகத்துக்குள்ளேயே இருந்த அரங்கில்.

கூட்டத்துக்கு முந்தின நாள் காலையில் அத்தான் என் கடைக்கு வந்து ஸ்பீக்கர் பெட்டியின் மேல் உட்கார்ந்தார். முகம் வெளுத்திருந்தது.

"மாப்ள, நெஞ்ச யாரோ பிசையுத மாதிரி இருக்கு. உங்க அக்காட்ட சொல்லிராத."

அக்காவிடம் சொல்லக்கூடாது என்றதற்குக் காரணம் இருந்தது. அக்காவுக்கு வருஷக்கணக்காக முட்டுவலி. ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கலாம் என்று டாக்டர் சொன்னபோது அத்தான் சம்மதிக்கவில்லை. எக்ஸ்ரேயும் கதிர்வீச்சுதான், உலை எதிர்ப்புத் தலைவன் பெண்டாட்டி அதில் போய் நிற்கலாமா என்று பெரிய பிரசங்கம். அக்கா நொண்டிக்கொண்டே அவருக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தாள்.

திருநெல்வேலிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, ரத்தம் இருதயத்துக்கு எப்படிப் போகிறது என்று படம் எடுக்க வேண்டும், அதற்கு ஒரு ஊசி என்றார்கள். போட்டு, படமும் எடுத்து முடித்த பிறகுதான் அது கதிர்வீச்சு மருந்து என்று அத்தானுக்கு விளங்கியது. ஊசி போட்ட பையன் வெகு சாதாரணமாகச் சொன்னான்.

"பயப்படாதீங்க சார். ரெண்டு நாள்ல ஒண்ணுக்கோட போயிரும். நிறையத் தண்ணி குடிங்க. அதுவரைக்கும் சின்னப் பிள்ளைங்களை மடியில வச்சுக்காதீங்க."

அத்தான் சட்டைப் பொத்தானைப் போட மறந்து நின்றார். "மாப்ள, எனக்குள்ளயே உலைய வச்சு அனுப்பிட்டானுவளே" என்றார். இருதயத்தில் பெரிய கோளாறு இல்லை, மாத்திரை போதும் என்று டாக்டர் சொன்னது அவர் காதில் ஏறவே இல்லை.

திரும்பி வருகிற பஸ்ஸில் நாங்கள் ஏறி உட்கார்ந்ததும் பஸ் முழுக்கக் கீச்சான்கள் விடாமல் கத்தத் தொடங்கின. அந்தப் பஸ்ஸுக்கு டிரைவர் கிடையாது, தானாக ஓடும். கண்டக்டரை மட்டும் வைத்திருந்தார்கள், சில்லறை இல்லை என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும் அல்லவா? அவர் எழுந்து நின்று, "வாழத்தார் ஏத்துனது ஆருவே? எறங்கும்" என்றார். பின் சீட்டில் ஒருவர் வாழைத்தாரோடு உட்கார்ந்திருந்தார். தன் தார் இப்படிக் கத்தாது என்று அவர் கெஞ்சிப் பார்த்தார். ஜனங்கள் விடவில்லை. நடுவழியில் இறக்கிவிட்டார்கள். பஸ் கிளம்பிய பிறகும் கீச்சான்கள் கத்தின. "தார் கெடந்த எடம்லா, வாட நிக்கும்" என்று கண்டக்டர் விளக்கம் சொன்னார். அத்தான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு அவர் மேல் கோபமாக வந்தது. நானும்தான் வாயைத் திறக்கவில்லை.

வீட்டில் அக்கா முதலில் அவர் துண்டை வெளியே எறிந்தாள். பிறகு அவர் உட்கார்ந்த நாற்காலியை. பிறகு அவர் சாப்பிட்ட தட்டை. அப்படியும் கீச்சு நிற்காமல் போக, கீச்சானைக் கையில் பிடித்துக்கொண்டு அவரைச் சுற்றி வந்தாள்.

"ஏங்க, நீங்கதான் கத்துதீய!"

அந்த ஒரு கணத்தில் அத்தான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாசலில் அதற்குள் குழு ஆட்கள் கூடிவிட்டார்கள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "உலைக்காரன் என்னயக் குறி வச்சுட்டான்" என்றார். எப்படிக் குறி வைத்தான் என்று யாரும் கேட்கவில்லை. ஊர் கொதித்துவிட்டது.

மறுநாள் ஊர்வலம். முன்னால் அத்தான், மாலையோடு. பின்னால் என் வண்டி. அவர் மார்பில் ஒரு குட்டி மைக்கைக் குத்தி, அவருடைய கீச்சானின் சத்தத்தை இரண்டு பெரிய பெட்டிகளில் விடச் சொன்னது குழுவின் யோசனை. தேரிவிளையிலிருந்து உலை வரைக்கும் 'கீச் கீச் கீச்' என்று அத்தான் இரைந்துகொண்டே போனார். பெண்கள் தெருவில் நின்று அழுதார்கள். அக்கா நொண்டிக்கொண்டே கூட வந்தாள். நான் மாத்திரம் வண்டியில் உட்கார்ந்து, இது எங்கே போய் முடியுமோ என்று வியர்த்துக்கொண்டிருந்தேன்.

உலையின் கேட்டைத் தாண்டி அத்தான் உள்ளே கால் வைத்தார். சத்தம் நின்றது.

என் ஒயர்தான் போய்விட்டது என்று நினைத்தேன். தட்டிப் பார்த்தேன், சரியாக இருந்தது. அத்தான் இரண்டடி பின்னால் போனார். கீச் கீச். உள்ளே வந்தார். நிசப்தம். மறுபடி வெளியே, மறுபடி உள்ளே. ஊரே நின்று வேடிக்கை பார்த்தது.

"உள்ளாற வந்தா சொவமாவுதே!" என்று ஒரு பெண் வியந்தாள்.

அரங்கில் கலெக்டர் நடுவில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சாருமதி. நடந்ததைக் கேட்டதும் கலெக்டருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"பேச்சியப்பன் சார், உங்க தெருவுல கத்துது. இங்க கத்தலை. அப்ப எது பாதுகாப்பான இடம்? நீங்க கேட்டு வாங்கின கருவி, நீங்களே சொல்லுங்க."

கூட்டத்தில் சலசலப்பு. எதிர்ப்புக் குழுவின் பொருளாளரே, இங்கே காற்று நல்லாத்தான் இருக்கு என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது என் மைக்கில் விழுந்தது. ஒரு தாய் எழுந்து தன் பிள்ளைக்கு இங்கே மதிலுக்குள் இருக்கும் ஊழியர் குவார்ட்டர்ஸில் இடம் கிடைக்குமா என்று கேட்டாள். இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் ஊரே உலைக்குக் குடிபோயிருக்கும்.

அத்தான் என் பக்கம் குனிந்தார். "மாப்ள, எனக்குள்ள இருந்தத எவனும் எடுக்கலல்லா?"

"இல்ல அத்தான். நாளைக்குத்தான் போவும்னு அந்தப் பையன் சொன்னாம்லா."

"பொறவு இது எதுக்கு வாயப் பொத்திக்கிட்டு நிக்கி?"

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"இங்கன வந்ததும் இது செவிடாயிருது மாப்ள" என்றார் அத்தான். "இதை நம்பித்தான் உலையத் தொறக்கப் போறான்."

"சவத்த விடுங்க அத்தான். இப்பச் சொன்னா ஊசியச் சொல்லணும். ஊசியச் சொன்னா உங்க மானம் போவும். அக்கா அந்தா உக்காந்திருக்கா."

அத்தான் அக்காவைப் பார்த்தார். அவள் முட்டியைத் தேய்த்துவிட்டுக்கொண்டே அவரைப் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கண்ணை மூடித் திறந்தார். மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு மைக்குக்கு வந்தார். அந்த மனிதரை நான் எத்தனையோ கேலி செய்திருக்கிறேன், இன்னும் செய்வேன், ஆனால் அன்றைக்கு அவர் நடந்த நடையை மறக்க மாட்டேன்.

"எல்லாரும் கேளுங்க. என்னய எவனும் குறி வைக்கல. நேத்து எனக்கு நெஞ்சுவலி. ஆசுபத்திரிக்குப் போனேன். கதிர்வீச்சு ஊசி போட்டானுவ. அதுதான் கத்துச்சு. பஸ்ஸுல என்னால ஒரு வாழத்தார்க்காரர எறக்கி விட்டாவ, நான் பேசாம இருந்தேன். வீட்லயும் பொய் சொன்னேன்."

முதலில் அசைந்தவள் அக்காதான். எழுந்து நின்றாள்.

"ஒரு எக்ஸ்ரேக்கு எனக்கு வழியில்ல. உங்களுக்கு ஊசியே போட்டாச்சு, என்னா?"

சிரிப்பு வெடித்தது. கலெக்டர் சிரித்தார். போலீஸ் சிரித்தது. அத்தான் தலையைக் குனிந்துகொண்டார். "வீட்ல வந்து அடி, பகவதி. இப்ப நான் கேக்குதத எல்லாரும் கேளுங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டார். "மருந்து எனக்குள்ள இருக்கு. கேட்டத் தாண்டுனா அது போயிருமா? எனக்குள்ள இருக்கதே இதுக்குத் தெரியலன்னா, உலைக்குள்ள இருக்கது எப்படிவே தெரியும்?"

சிரிக்காமல் இருந்தது சாருமதி மட்டும். மேடையிலிருந்து இறங்கி வந்து, தன் கழுத்துக் கீச்சானை அத்தானின் நெஞ்சில் வைத்துப் பார்த்தார். ஊமையாக இருந்தது. என்ன மருந்து என்று கேட்டார். அத்தான் ஏதோ பாதிப் பெயர் சொன்னார். சாருமதியின் முகம் மாறியது.

"இது கத்தியே ஆகணும் சார்" என்றார் கலெக்டரிடம்.

"உங்க பழைய கருவியில பார்த்துச் சொல்லுங்கம்மா."

"பழைய கருவியை எல்லாம் மக்கள் நம்பலைன்னு அனுப்பிட்டோமே சார். இப்ப எல்லாச் சுவத்துலயும் இதுதான் தொங்குது. வேலை முடிஞ்சு வெளிய வர்ற வாசல்லயும் இதுதான்." அத்தானை ஒரு முறை பார்த்தார், குற்றம் சொல்லவில்லை. "அந்த அப்டேட் வந்ததுலேருந்து உள்ள ஒண்ணுகூடக் கத்தினதில்ல. ரொம்ப சுத்தமா இருக்குன்னு நாங்க கேக் வெட்டினோம் சார்."

அப்புறம் அவரே மெதுவாகக் கேட்டார். "இது கோயில்ல மட்டும்தானே பேசாது?"

ஜன்னல் வழியாகக் கேட் தெரிந்தது. கேட்டுக்கு உள்ளே, எந்த ஆபீஸிலும் இருப்பதுபோல, ஒரு குட்டிப் பிள்ளையார் கோயில். செக்யூரிட்டி அப்போதுதான் ஊதுவத்தி கொளுத்திக்கொண்டிருந்தார்.

கலெக்டர் சென்னைக்கு அழைத்தார். எல்லாருக்கும் கேட்க வேண்டும் என்று ஊர் கத்தியதால் போனை என் மைக்கில் வைத்தார். எதிர்முனையில் ஒரு அலுவலரின் தூக்கம் கலையாத குரல்.

"உங்க இடமா சார்? அருள்மிகு கதிர் விநாயகர் திருக்கோயில்னு இருக்கு. வகை, பெரிய கோயில்."

"யாருய்யா அப்படிப் போட்டது?"

"கணினிதான் சார். மேல இருந்து எடுத்த படத்தைப் பார்த்துப் போட்டுக்குது. வாசல்ல விநாயகர். நாலு பக்கமும் மதில். உள்ள ரெண்டு பெரிய விமானம். பின்னால தெப்பக்குளம். எல்லாம் சரியாத்தானே இருக்கு?"

உலைகளின் இரண்டு கும்மட்டங்களையும் கடல்நீர் தேக்கும் குளத்தையும் நாங்கள் எல்லாரும் ஒரு முறை திரும்பிப் பார்த்துக்கொண்டோம். பார்க்கப்போனால் அப்படித்தான் இருந்தது.

"பட்டியல்லேருந்து எடுங்க" என்றார் கலெக்டர்.

"கோயிலை எடுக்கிறதுன்னா பக்தர்கள்கிட்ட கருத்துக் கேட்கணும் சார்."

"யோவ், பக்தர்கள் எல்லாரும் இங்கதான்யா இருக்காங்க!"

பக்தர்கள் எடு, எடு என்று கத்தினார்கள். உலை எதிர்ப்புக் குழுவும் உலை ஊழியர்களும் ஒரே குரலில் கத்தியது அந்த ஒரு தடவைதான். எதிர்முனையில் விசைகள் தட்டுகிற சத்தம் கேட்டது.

கீச் கீச் கீச் என்று அத்தான் கத்தத் தொடங்கினார். அவருக்குப் பக்கத்தில் நின்ற கழுத்துகளும் சேர்ந்து கத்தின. கைதட்டல் கூரையைப் பிய்த்தது. நேற்றைக்குத் தலைவராக இருந்ததைவிட இன்றைக்குக் கதிர்வீச்சாக இருந்ததில் அவருக்கு அதிகக் கைதட்டல்.

சாருமதி கையை உயர்த்தி அமைதி கேட்டார். "சார், நீங்க கொஞ்சம் வெளிய போய் நில்லுங்க. உங்க சத்தத்துல வேற எதுவும் கேக்கலை."

அத்தான் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்ப் பிள்ளையார் பக்கத்தில் நின்றார். அரங்கில் ஒவ்வொரு கீச்சானாக அடங்கியது. எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தோம். ஒன்றுமில்லை. கலெக்டர் நிம்மதியாகத் தண்ணீர் டம்ளரை எடுத்தார். இவ்வளவுதானா என்று ஒரு பெருமூச்சு வரிசை வரிசையாகப் போனது. ஜனங்கள் அசைந்து உட்காரத் தொடங்கிவிட்டார்கள்.

சாருமதி மேடைக்குத் திரும்பி நாற்காலியில் உட்கார்ந்து, கழுத்துக் கீச்சானைக் கழற்றி மடியில் வைத்தார். அது கீச்சியது. நிற்கவில்லை.

"எஞ்சினீயரம்மா, நீங்களும் ஊசி போட்டுட்டு வந்தீயளா?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். கொல்லென்று சிரித்தார்கள்.

"இல்லையே" என்றார் சாருமதி.

சிரிப்பு நின்றது. அவர் கீச்சானை எடுத்துத் தன் சட்டைக் கையோரமாகக் கொண்டுபோனார். சத்தம் கூடியது. மடியில் வைத்தபோது இன்னும் கூடியது. பக்கத்தில் இருந்த அதிகாரிகள் நாற்காலிகளைத் தள்ளிப் போட்டுக்கொண்டார்கள். அந்தச் சத்தம் என் பெட்டிகளில் ஊரெல்லாம் கேட்டது. கலெக்டரும் எழுந்துவிட்டார். மேடை நடுவில் அந்தப் பெண் தனியாக உட்கார்ந்திருந்தார்.

வெளியே நின்ற அத்தான் அதைப் பார்த்துவிட்டார். உள்ளே வந்தார். யாரோ தடுத்ததற்கு, "எனக்கென்னலே, நான் ஏற்கெனவே கத்துத ஆளுதான்" என்று கையைத் தட்டிவிட்டு, மேடையேறிச் சாருமதிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். இரண்டு கீச்சானும் சேர்ந்து கத்தின.

"பயப்படாதம்மா. திருநெல்வேலியில எனக்குத் தெரிஞ்ச டாக்டர் இருக்காரு. நான் கூட்டிட்டுப் போறேன். பக்கத்துல நான் இருந்தா, கத்துதது ஆருன்னு எவனுக்குத் தெரியப் போவுது?"

சாருமதி அவர் பக்கம் திரும்பவில்லை. தன் மடியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"தினமும் வேலை முடிஞ்சு, இதே சட்டையோடதான் சார் பாப்பாவைத் தூக்குவேன்."

அத்தான் பேச வாயெடுத்தார். மைக் அவர் முன்னால்தான் இருந்தது. கையை நீட்டி அதை அணைத்தார். கீழே இருந்து அக்கா நொண்டிக்கொண்டே மேடைக்கு ஏறி வந்தாள். கீச்சு கூடியதைப் பார்த்தும் நிற்காமல் நேராக வந்து சாருமதியின் கையைப் பிடித்தாள்.

"எந்திரிம்மா" என்றாள். "குவார்ட்டர்ஸ் எந்தப் பக்கம்? பிள்ளைய எடுத்துட்டுப் போவோம்."